இல்லை என்று சொல்லாத சபை

1

எம்.பி.யைப் பார்க்க ஆறு பேராகப் போனதுதான் நாங்கள் விட்ட முதல் பிழை.

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன பிழை என்று விளங்காது. எங்களுக்கும் விளங்கவில்லை. ஊரில் ஒரு எம்.பி.யிடம் காரியமாகப் போவதென்றால் தனியாகப் போகிற வழக்கம் கிடையாது. பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒருவர் வரவேண்டும். எம்.பி.க்கு ஏதாவது ஒரு வழியில் சொந்தக்காரர் ஒருவர் வேண்டும். நன்றாகக் கதைக்கக்கூடிய ஒருவர் வேண்டும், ஒன்றும் கதைக்காமல் தலையாட்ட இரண்டு பேரும் வேண்டும். விடியற்காலை சுபஹு தொழுத கையோடு போய் அவர் வீட்டு முற்றத்துப் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தால் தேத்தண்ணி வரும், பிறகு அவர் வருவார். நாம் விசயத்தைச் சொல்லி முடிக்குமுன்பே போனை எடுத்து யாரோ ஒரு அதிகாரிக்குக் கோல் போடுவார். காரியம் நடக்கிறதோ இல்லையோ, கோல் போனதைக் கண்ணால் கண்ட திருப்தியோடு எல்லோரும் திரும்பி வருவார்கள்.

நான் ஒஹாயோ மாநிலத்தில், பெரிது என்றும் சிறிது என்றும் சொல்ல முடியாத ஒரு நகரத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். மருந்துக் கடையில் வேலை. கணவர் நவ்பர் நகர பஸ் ஓட்டுகிறார். மகள் ஸுஹா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இரண்டு தெரு தள்ளி மருதமுனை ஜலீல் காக்கா இருக்கிறார். அமெரிக்காவுக்கு வந்து முப்பது வருடமாகியும் எந்தக் காரியத்தையும் மருதமுனை முறையில்தான் செய்வார். எங்கள் பிரதிநிதியின், அதாவது இங்கத்தைய எம்.பி.யின், அலுவலகத்துக்குப் போகப்போகிறோம் என்று கேள்விப்பட்டதும் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஒத்தையில போனா மதிக்க மாட்டாங்க நவ்பர். நாலு பேராப் போவம். பள்ளிச் செக்ரட்டரியையும் கூட்டிக்கிட்டுப் போவம்."

அப்படித்தான் ஆறு பேரானோம். நவ்பர், நான், மொழிபெயர்க்க ஸுஹா, ஜலீல் காக்கா, பள்ளிவாசல் செயலாளரான வங்காளதேசத்துக்காரர், அன்று சும்மா இருந்த குற்றத்துக்காக இழுத்து வரப்பட்ட ஒரு சோமாலியச் சகோதரர். ஜலீல் காக்கா கோட் போட்டு, கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு பொதியும் வைத்திருந்தார். உள்ளே எம்.பி.க்கு உடுக்க ஒரு மருதமுனைக் கைத்தறிச் சாரம்.

பிரதிநிதியின் அலுவலகம் ஒரு பல் வைத்தியருக்கும் பீட்சாக் கடைக்கும் நடுவில் இருந்தது. முன்மேசைப் பெண் எங்களைப் பார்த்தாள், பொதியைப் பார்த்தாள், மேசைக்குக் கீழே எதையோ அழுத்தினாள். பிறகு மிகவும் அன்பாக, நாங்கள் எந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள் என்று கேட்டாள்.

"அமைப்பு இல்லை, குடும்பம்" என்றார் ஜலீல் காக்கா, தன் கம்பீரமான ஆங்கிலத்தில்.

அவள் சோமாலியச் சகோதரரையும் வங்காளதேசத்துச் செயலாளரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆர்ப்பாட்டம் செய்வதென்றால் வெளியே நடைபாதையில் செய்யலாம், அதற்கு எங்களுக்குப் பூரண உரிமை உண்டு என்றாள். அதற்குள் ஒரு பொலிஸ்காரரும் வந்து கதவோரம் நின்றுகொண்டார். ஸுஹாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் முன்னால் போய் ஐந்து நிமிடம் தணிந்த குரலில் விளக்கிய பிறகுதான் எமிலி என்ற இளம் உத்தியோகத்தர் வந்து எங்களை உள்ளே அழைத்தாள். பொதியைப் பிரித்துப் பார்த்த பொலிஸ்காரர் நிறம் நன்றாக இருக்கிறது என்றார். பரிசு வாங்குவதில்லை என்பது அந்த அலுவலகத்து ஒழுங்கு. சாரம் திரும்பவும் ஜலீல் காக்காவின் கைக்கே வந்தது.

2

நாங்கள் போனது என் மூத்த சகோதரி, ராத்தாவின் மகள் நுஸ்ராவின் விசயமாக.

ஊரில், கல்முனையை அடுத்த சாய்ந்தமருதில், எனக்கு மிஞ்சியிருப்பது ராத்தா ஒருத்திதான். உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகிவிட்டார்கள். ராத்தாவின் கணவர், மச்சானும் நுஸ்ரா சிறு பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். எனக்குக் குடியுரிமை கிடைத்தவுடன் முதல் வேலையாக ராத்தாவுக்கு விண்ணப்பம் போட்டேன். உடன்பிறப்புகளுக்கான அந்த வரிசை அமெரிக்காவிலேயே மிக நீளமான வரிசைகளில் ஒன்று. வருடத்துக்கு இத்தனை பேர்தான் என்று சட்டம் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை மாற்றக்கூடியது காங்கிரஸ் மட்டுமே. எங்கள் பக்கத்தில் காங்கிரஸ் என்றால் கட்சி என்று எடுப்பீர்கள், இங்கே அது சட்டம் செய்யும் சபை.

விண்ணப்பம் போடும்போது நுஸ்ராவுக்குப் பால்பல்கூட விழுந்திருக்கவில்லை. தாயின் விண்ணப்பத்தோடு அவளும் சேர்ந்து வரலாம். ஆனால் இருபத்தொரு வயதைத் தாண்டக்கூடாது, கலியாணமும் முடித்திருக்கக்கூடாது. அந்த நேரம் இது எங்களுக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. இருபத்தொரு வயதுக்குள் வரிசை நகராமலா போய்விடும் என்றுதான் நினைத்தோம்.

வரிசை நகர்ந்த வேகத்தைவிட நுஸ்ரா வளர்ந்த வேகம் அதிகம். இப்போது அவள் அந்த எல்லையில் நிற்கிறாள். ராத்தாவின் முறை வர இன்னும் காலம் கிடக்கிறது. இந்த நேரத்தில்தான் அக்கரைப்பற்றிலிருந்து ஒரு மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்கிற நல்ல பையன். நுஸ்ராவுக்கும் பிடித்திருந்தது. ராத்தாதான் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் அதே நேரத்தில் இங்கே ஒரு சட்டமூலம் வந்திருந்தது. காத்திருக்கும் பிள்ளைகளின் வயதை விண்ணப்பம் போட்ட நாளிலேயே நிறுத்திவைக்க வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு. அது நிறைவேறினால் நுஸ்ரா தாயோடு வரலாம். ஆனால் கலியாணம் முடித்த பிள்ளைக்கு அதிலும் இடமில்லை. மாப்பிள்ளைக்கு ஓம் என்றால் அமெரிக்கா இல்லை. சட்டமூலத்தை நம்பி மாப்பிள்ளையை விட்டால், அது நிறைவேறாமல் போனால், இரண்டும் இல்லை.

எங்கள் கரையில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக்கொடுத்துத்தான் நிகாஹ். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் இருப்பார், தாய் மகளோடே இருப்பாள். நுஸ்ராவுக்கென்று ராத்தா கட்டத் தொடங்கிய வீடு சுவரோடு நிற்கிறது. அமெரிக்கா போகிற பிள்ளைக்கு வீடு எதற்கு என்று கூரை போடாமல் விட்டாள். மாரி மழை இரண்டு முறை அதற்குள் பெய்துவிட்டது.

இதையெல்லாம் எமிலியிடம் சொன்னோம். வீடு கட்டிக்கொடுக்கும் வழக்கத்தை ஸுஹா ஆங்கிலத்தில் விளக்கும்போது, எமிலி, வீடு கிடைக்குமென்றால் தனக்கும் அந்த ஊரில் ஒரு தாய் இருந்திருக்கலாம் என்று சிரித்தாள். நல்ல பெண். பொறுமையாகக் கேட்டு, கணினியில் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்கள் அக்காவின் விண்ணப்பத்தில் தாமதம் ஒன்றும் இல்லை. சட்டப்படி அது எங்கே நிற்கவேண்டுமோ அங்கேதான் நிற்கிறது."

குடிவரவுத் திணைக்களம் பிழை விட்டிருந்தால் பிரதிநிதி எழுதிக் கேட்கலாம், சட்டமே இப்படி என்றால் அவரால் செய்யக்கூடியது வாக்களிப்பது மட்டும்தான் என்றாள். ராத்தா வந்து சேர்ந்த பிறகு நுஸ்ராவுக்குத் தனியாக விண்ணப்பிக்கலாமே என்று ஒரு வழியும் சொன்னாள். ஆனால் அது வேறொரு வரிசை, அதற்கும் பிள்ளை கலியாணம் முடிக்காமல் இருக்கவேண்டும்.

ஜலீல் காக்கா விடவில்லை. "அவரு ஒரு கோல் எடுத்தா முடிஞ்சிரும்தானே? கேளு மகள்" என்றார்.

ஸுஹா கேட்டாள். யாருக்கு எடுப்பது என்று எமிலி திருப்பிக் கேட்டாள். ஜலீல் காக்கா சாரப் பொதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

3

குடியுரிமைப் பரீட்சைக்கு நான் படித்த விடைகள் இன்னும் மனப்பாடம். பிரதிநிதிகள் சபையில் வாக்குள்ளவர்கள் நானூற்று முப்பத்தைந்து பேர். செனட் சபையில் நூறு பேர். பிரதிநிதிக்கு இரண்டு வருடம், செனட்டருக்கு ஆறு வருடம். சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்துச் சோறு வடிக்கும்போதெல்லாம் ஓதினேன். பரீட்சை எடுத்த அதிகாரி நான் சொன்ன வேகத்தைப் பார்த்துச் சிரித்தார். இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு விசயத்துக்கு ஓம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்ற கேள்வி மட்டும் அந்தப் பரீட்சையில் இருக்கவில்லை.

அதை நான் நுஸ்ராவின் சட்டமூலத்தின் பின்னால் திரிந்துதான் படித்தேன். ஊரில் இருப்பவர்களுக்காக அதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

இங்கே ஒரு உறுப்பினர் சட்டமூலத்தைக் கொண்டுவந்தால் அது முதலில் ஒரு குழுவுக்குப் போகும். குழுவின் தலைவர் அதை எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். எடுக்காவிட்டால் ஏன் என்று அவர் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வருகிற சட்டமூலங்களில் மிகப் பெரும்பாலானவை அங்கேயே கிடந்து முடிந்துபோகின்றன. குழுவைத் தாண்டினால், சபையில் எதை வாக்குக்கு விடுவது என்பது பெரும்பாலும் சபாநாயகர் கையில். நம் ஊர்ச் சபாநாயகர் "அமைதி, அமைதி" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டுகிறவர். இங்கே அவர் பெரும்பான்மைக் கட்சியின் தலைவர், கட்சிக்குச் சங்கடம் தருகிற வாக்கெடுப்பை வைக்கவே மாட்டார்.

அதையும் தாண்டினால் செனட். மாநிலம் எவ்வளவு பெரிதானாலும் சிறிதானாலும் இரண்டு பேர். நாலு பட்டணத்துச் சனத்தொகைகூடச் சரியாக இல்லாத மாநிலத்துக்கும் இரண்டு, ஒரு தேசமளவு சனம் உள்ள மாநிலத்துக்கும் இரண்டு. அதோடு அங்கே பெரும்பாலான சட்டங்களுக்கு விவாதத்தை முடித்து வாக்குக்குப் போகவே நூற்றுக்கு அறுபது பேர் இணங்க வேண்டும். ஐம்பத்தொன்பது பேர் ஓம் என்றாலும் விசயம் நின்றுவிடும். இரண்டு சபையும் ஒரே வாசகத்துக்கு ஓம் சொல்லி, சனாதிபதியும் கையெழுத்து வைத்தால்தான் சட்டம்.

இந்த நடை எல்லாவற்றுக்கும் இரண்டு வருடம்தான் அவகாசம். அதற்குள் முடியாதவை எல்லாம் அந்தச் சபையோடு செத்துவிடும். புதுச் சபை கூடும்போது முதலாம் படியிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.

நுஸ்ராவின் சட்டமூலம் குழுவுக்கு அனுப்பப்பட்டது என்று காங்கிரஸின் இணையத்தளத்தில் இருந்தது. நான் வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்து ஒருமுறை போனில் பார்ப்பேன். அந்த ஒரு வரி மாறவே இல்லை. பஸ்ஸிலும் பார்க்கத் தொடங்கினேன். நவ்பர் பார்த்துவிட்டு, "பிஞ்சுக் கத்தரிக்காய தொட்டுத் தொட்டுப் பாத்தா பெருக்கவா போகுது" என்று பகிடி பண்ணினார். எனக்குக் கோபம் வந்தது. நான் அதற்கு முன் எந்த நாட்டு அரசியலையும் இப்படி உட்கார்ந்து பார்த்தவள் அல்ல.

4

பிரதிநிதியை நேரிலும் ஒருமுறை பார்த்தேன். ஒரு பாடசாலை மண்டபத்தில் பொதுமக்களைச் சந்திக்க வந்திருந்தார். இம்முறை நானும் ஸுஹாவும் மட்டும் போனோம், பொதி ஒன்றும் கொண்டுபோகவில்லை. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கேள்வி கேட்டவர்களின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லியே பதில் சொன்னார். என் முறை வந்ததும் நான் நுஸ்ராவைப் பற்றிச் சொன்னேன். என் ஆங்கிலம் நடுவில் தடக்கியது. அவர் பொறுத்திருந்தார்.

"அந்தச் சட்டமூலத்தை நான் ஆதரிக்கிறேன். ஆதரிப்பவர்களில் என் பெயரும் இருக்கிறது" என்றார்.

மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

"நிறைவேறுமா?" என்று கேட்டேன்.

"நாங்கள் தொடர்ந்து போராடிக்கொண்டிருக்கிறோம்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

வெளியே வந்தபோது ஒரு வெள்ளைக்காரக் கிழவர், தொப்பியைக் கையில் பிடித்தபடி, என்னிடம் வந்து தன் மனைவியின் மருந்து விலையைப் பற்றிப் பிரதிநிதியிடம் மூன்று முறை கேட்டுவிட்டதாகச் சொன்னார். மூன்று முறையும் அவர் ஆதரிப்பதாகத்தான் சொன்னாராம். "காங்கிரஸ் முழுவதையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்" என்றார். அப்போ இவருக்கு வாக்குப் போட மாட்டீர்களா என்று கேட்டேன். "இவர் நல்லவர், மற்றவர்கள்தான்" என்றார். இந்த நாட்டில் நான் சந்தித்த எல்லோருமே இப்படித்தான் சொல்கிறார்கள். மொத்தச் சபையையும் திட்டுவார்கள், தங்கள் ஆளை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள்.

காரில் வரும்போது ஸுஹா தான் வாக்களிக்கப் போவதில்லை என்றாள்.

ஊரில் வாக்குப் போடுகிற நாள் என்றால் பெருநாள் மாதிரி. விரலில் மை வைத்துக்கொண்டு வந்து அதைக் காட்டிக்கொண்டு திரிவோம். "இந்த நாட்டில நீ பொறந்ததுக்கு உனக்குக் கிடைச்சது அதுதானே மகள்" என்றேன்.

அவள் போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினாள். எங்கள் தொகுதி ஒரு துண்டுத் துணி காற்றில் பறந்து கிழிந்த மாதிரி இருந்தது. எங்கள் தெரு இருக்கிற பக்கம் இந்தப் பிரதிநிதிக்கு, பள்ளிவாசலும் ஜலீல் காக்காவின் வீடும் இருக்கிற பக்கம் வேறொருவருக்கு. எங்கள் ஆறு பேரில் அவருக்கு வாக்குப் போட உரிமையுள்ளவர்கள் எங்கள் வீட்டார் மூவர் மட்டும்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கோடு போடுறவங்களும் அரசியல்வாதிங்கதான் உம்மா. ஆர் வெல்லணுமெண்டு முதல்ல முடிவெடுத்திட்டுத்தான் கோடு போடுவாங்க. நான் போட்டாலும் ஒண்டுதான், போடாட்டியும் ஒண்டுதான்."

எல்லைக் கோட்டுக்காக ஊருக்கு ஊர் சண்டை பிடித்த மண்ணிலிருந்து வந்த எனக்கு அவள் சொன்னது புதிதாக இருக்கவில்லை. அதற்காக வாக்குப் போடாமல் இருக்க முடியும் என்பதுதான் புதிது. அவளுடைய அலுப்பு எனக்கு விளங்கியது, ஆனால் பிடிக்கவில்லை.

5

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ராத்தா கோல் எடுப்பாள். இங்கே விடிந்திருக்கும், அங்கே அந்திநேர மஃரிப் தொழுகை முடிந்திருக்கும். ஸலாம் சொன்ன மறுகணம் ஒரே கேள்வி: "சட்டம் வந்திட்டாகா?"

"இன்னம் இல்ல ராத்தா. குழுவில இரிக்கி."

"அந்தக் குழு எப்ப கூடும்?"

"கூடுது. இத எடுக்கல்ல."

"மாட்டோமெண்டு சொன்னாங்களா?"

"அப்பிடியும் சொல்லல்ல."

"மறுகா என்னகா அது. மாப்புள வீட்டுக்கு நான் என்னத்தச் சொல்ற."

மாப்பிள்ளையின் தாய் மூன்று நான்கு தரம் வந்து போய்விட்டாளாம். மரியாதையான மனுசி, அவசரப்படுத்தவில்லையாம். ஆனால் அவளுக்கும் வேறு இடங்களில் பேச்சு வருகிறது. நுஸ்ரா ஒன்றும் சொல்வதில்லை. ஒருநாள் மட்டும் ராத்தா தொழப் போன நேரத்தில் அவள் போனை எடுத்து, "சாச்சி, ஓமெண்டா ஓமெண்டு சொல்லுங்க, இல்லெண்டா இல்லெண்டு சொல்லுங்க. ரெண்டுல எதுவெண்டாலும் நான் இருந்துக்குவன்" என்றாள்.

அந்த வார்த்தை என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். இந்தச் சபையைக் கட்டியவர்கள் அது வேகமாக ஓடக்கூடாது என்று நினைத்தே கட்டினார்களாம். ஒருவர் ஓடினால் இன்னொருவர் பிடித்து இழுக்க வேண்டும் என்று. ஸுஹாவின் பாடப்புத்தகத்தில் இதைப் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். முதலில் வாசித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகு கொழும்பை நினைத்துக்கொண்டேன். நம் நாட்டில் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு கையில் இருந்தால் அரசியலமைப்பையே விறுவிறென்று மாற்றிவிடலாம். அவசர சட்டமூலம் என்று கொண்டுவந்து, நாம் வாசித்து முடிக்குமுன் நிறைவேற்றிய காலமும் இருந்தது. கொரோனாக் காலத்தில் அரசாங்க வர்த்தமானியில் ஒரு அறிவித்தல் வந்து, மண்ணில் அடக்க வேண்டிய நம் ஜனாஸாக்கள் நெருப்புக்குப் போனதை நம் கரையில் யாரும் மறக்கவில்லை. அங்கே எங்களுக்குப் பயம் தந்தது சட்டத்தின் வேகம். இங்கேயும் எங்களைப் போன்றவர்களுக்கு எதிராக ஒரு சட்டம் வந்தால், இதே குழுவும் இதே அறுபது பேரும்தான் அதையும் பிடித்து நிறுத்துவார்கள். சிறுபான்மையாக இரண்டு நாட்டில் வாழ்ந்தவள் நான். மெதுவாகப் போகிற சபையை முழு மனதோடு திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் மெதுவாகப் போவது வேறு, பதில் சொல்லாமல் இருப்பது வேறு. அந்தக் குழுவில் ஒரு நாள் உட்கார்ந்து, வாக்கெடுத்து, இது வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ராத்தா அன்றே கூரை போட்டிருப்பாள். வேண்டாம் என்று சொன்னால் ஒரு பகுதிச் சனத்தின் வாக்குப் போகும், வேண்டும் என்று சொன்னால் இன்னொரு பகுதியின் வாக்குப் போகும். வாக்கெடுப்பு வைக்காவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் போகாது. ஆதரிக்கிறவர் ஆதரித்த பெயரோடு இருக்கலாம், எதிர்க்கிறவர் வாயைத் திறக்காமலே வெல்லலாம். அந்தக் கிழவரும் நானும் மண்டபத்தில் கைதட்டிக்கொண்டே இருக்கலாம். எங்கள் ஊருக்குத் தனி உள்ளூராட்சிச் சபை தருவோம் என்று மேடை மேடையாகச் சொன்னவர்களில் ஒருவராவது தரமாட்டோம் என்று சொன்னாரா? அதுவும் இதே கூத்துத்தான். அங்கே செய்து தருகிறோம் என்பார்கள், இங்கே ஆதரிக்கிறோம் என்பார்கள்.

குளிர்காலம் வந்தது. சபை கடைசி வாரங்களில் வரவுசெலவுச் சண்டையில் இரவு பகலாக இருந்துவிட்டு, விடுமுறைக்குக் கலைந்தது. புதுச் சபை கூடியபோது பழைய சட்டமூலம் செத்துப் போயிருந்தது. எமிலி தானாகவே கோல் எடுத்துச் சொன்னாள். அதே வாசகத்தோடு புதிதாக ஒன்று கொண்டுவரப்போகிறார்களாம், பிரதிநிதி இம்முறையும் பெயர் வைப்பாராம். அவளுடைய குரலில் உண்மையான சந்தோசம் இருந்தது.

6

அந்த வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டிருந்தேன். கோல் வருமுன்பே என் வாயில் பதில் தயாராக இருந்தது. புதுச் சபை கூடியிருக்கு ராத்தா, திரும்பக் கொண்டுவாறாங்களாம், இன்னம் கொஞ்சம் பொறுங்க. அது பொய்யில்லை. எமிலி சொன்னதுதான்.

அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபோதுதான் அது யாருடைய குரல் என்று தெரிந்தது. மண்டபத்தில் எனக்குக் கிடைத்த பதிலை அப்படியே ராத்தாவுக்கு அனுப்பப் பார்க்கிறேன். எனக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ராத்தா இங்கே வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவள் நான்தான். என் பாசையில் என்னோடு சண்டை பிடிக்க, உம்மாவின் கதைகளைப் பிழையாகச் சொல்ல, அதை நான் திருத்த, ஒரு ஆள் வேண்டும். நுஸ்ரா கலியாணம் முடித்தால் ராத்தா வரமாட்டாள். வரலாம் என்று சட்டம் சொன்னாலும் வரமாட்டாள். எங்கள் கரையில் தாய் மகளோடுதான் இருப்பாள். அந்தக் கூரை ஏறினால் ராத்தா அதற்குக் கீழேதான்.

போன் அடித்தது.

"என்னகா, புதுச் சபை கூடிட்டாமே. நுஸ்ரா நெட்டுல பாத்திரிக்கா. இனி வருமா?"

"வராது ராத்தா."

"இந்த முறையும் வராதா?"

"நம்பி இரிக்க ஏலாது. வந்தாலும் எப்ப வருமெண்டு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. நுஸ்ராட நிகாஹ்வ வைங்க. கூரையப் போடுங்க."

அந்தப் பக்கம் முச்சக்கர வண்டி ஒன்று போனது.

"நிகாஹ் முடிஞ்சா நான் மறுகா வரமாட்டன். அது உனக்குத் தெரியுந்தானே?"

"தெரியும்."

"புள்ளய உட்டுட்டு எங்க வாற."

"தெரியும் ராத்தா."

"தெரிஞ்சுதான் சொல்றியா?"

"ஓம்."

ராத்தா மூக்கை உறிஞ்சினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எத்தின பேர்க்கிட்டக் கேட்டுட்டம்கா. இங்கத்த எம்.பி, கொழும்பு ஏஜென்சிக்காரன், உங்கட எம்.பி. ஒருத்தரும் இல்லெண்டு சொல்லல்ல. நீ ஒருத்திதான் சொன்ன. அல்லாஹ் உனக்கு நல்லதச் செய்வான்."

அதற்கு மேல் அவள் அழவில்லை. கூரைக்கு ஆள் சொல்லவேண்டும், மாப்பிள்ளை வீட்டாரை நாளைக்கே வரச்சொல்லவேண்டும் என்று அவசரமாகப் போனை வைத்தாள். பின்னால் நுஸ்ரா ஏதோ கேட்பதும் ராத்தா அதட்டுவதும் கேட்டது. அந்த அதட்டலில் சந்தோசம் இருந்தது. நான்தான் அழுதேன், நன்றாக அழுதேன்.

பின்னேரம் ஸுஹா வந்தபோது, மேல்மாடியில் வெயில் விழும் அந்தப் பெரிய அறையை நீ எடுத்துக்கொள் என்றேன். இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து அதில் ஒரு புதுக் கட்டிலும் தொழுகைப் பாயும் மட்டும்தான். விருந்தாளி வந்தால்கூட அதைத் திறப்பதில்லை.

"அது பெரியம்மாட ரூம்தானே உம்மா? பெரியம்மா வந்தா?"

"வரமாட்டா" என்றேன். அன்று இரண்டாம் முறையாக இல்லை என்று சொல்லும்போதும் அது இலேசாக வரவில்லை.